பிள்ளைக்காம்பராவில் டப்ளின்

டப்ளின் நகரத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கப் போவதுமில்லை. ஆனாலும் அந்த ஊர் ஆற்றைத் தாண்டி இடுகாட்டுக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டால் வழி சொல்வேன்; எல்லாம் ஒரு நாவலில் வாசித்தது. கொழும்பில் ஒரு புத்தகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

"தேயிலைத் தோட்டத்துலயா இதெல்லாம் வாசிச்சீங்க?"

"ஆமா. லயத்துல இருந்துகிட்டுதான் வாசிச்சோம். நீங்க எங்க இருந்து வாசிச்சீங்க?"

அவர் வாசித்திருக்கவில்லை. எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த நாவலை எழுதிய ஐரிஷ் எழுத்தாளரைப் பற்றி நம் ஆட்கள் ஒன்றுதான் சொல்வார்கள்: படிக்க முடியாத புத்தகத்தை எழுதியவர். படித்துப் பார்த்தவர்கள் அல்ல, படிக்காதவர்கள்தான் இதை அதிகம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் வாலிபத்திலேயே ஊரைத் திட்டிவிட்டு, ஹோட்டலில் வேலை செய்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியவர். வேறு வேறு நாட்டில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். கண் பழுதாகிப் போனது. அச்சடிக்கிறவர்கள் பயந்து புத்தகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவும் பட்டுக்கொண்டு, எங்கேயோ ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, திட்டிவிட்டு வந்த ஊரைப் பற்றியே கடைசி வரைக்கும் எழுதினார். கடைப் பெயர், தெருப் பெயர், பாலம், சாராயக்கடை ஒன்றையும் விடவில்லை. அந்தக் குணம் எனக்குப் பிடித்துப்போனது. கோபமும் ஊரும் ஒன்றாக இருக்கிற ஆளை எனக்குப் புரியும்.

நாங்கள் அவரை வாசித்தது நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போன வருடம். நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கரண்ட் இல்லை, பேப்பர் இல்லை, முதலாளி கடையைச் சாத்திவிட்டார். நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. அதனால் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் சாருக்கும் வேலை இல்லை.

சார் என்னைவிட வயதில் இளையவர். மேல் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் அந்த வரிசை வீட்டில்தான் பிறந்தார். ஆனால் சின்ன வயதிலேயே பதுளையில் ஒரு சர்ச் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். இங்கிலீஷ் வந்தது. தோட்டத்து நடப்பு பாதிதான் வந்தது. அந்தப் பெரிய புத்தகம் அவருக்கு பங்களாவிலிருந்து கிடைத்தது. பழைய தொரை, அதாவது தோட்ட மேனேஜர், மாறிப்போனபோது அலமாரியைக் காலி செய்து குப்பையில் போட்டார்கள். பங்களா சமையல்காரர் எடுத்துக்கொண்டு வந்து சாரிடம் கொடுத்தார். தொடக்கத்துப் பக்கங்களில் மட்டும் டீக்கறை இருந்தது. மற்றதெல்லாம் புதுசு. எந்தத் தொரையும் அதற்கு மேல் போகவில்லை.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. சார் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வார். நான் கேட்பேன், இடையில் சண்டை போடுவேன். இடம் பழைய பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. என்னையும் அங்கேதான் விட்டுவிட்டுப் போனார்கள். மேலே புதிதாக ஒன்று கட்டிய பிறகு பழையது சும்மா கிடந்தது. நீளமான அறை. விட்டத்தில் தொட்டில் கட்டுகிற இரும்புக் கொக்கிகள் வரிசையாக அப்படியே இருந்தன. தோட்டத்துத் தலைவர், அதாவது எங்கள் யூனியன் ஆள், சாவியை வாங்கிக் கொடுத்தார். தேர்தல் வரும்போது சொல்லிக் காட்டலாம் என்று கொடுத்திருப்பார். ஆனாலும் கொடுத்தார்.

அந்த மத்தியானங்கள் போல எனக்கு அப்புறம் வரவில்லை. மூடுபனி கதவு வரைக்கும் வந்து நிற்கும். சீனிக்கு வழியில்லாமல் கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பாலில்லாத தேத்தண்ணி, சாயம், குடிப்போம். சார் கரித்துண்டால் சுவரில் டப்ளினை வரைந்தார். நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் தெருக்கள், கிழக்கே கடல். எனக்குப் பிடிபடவில்லை என்றதும் பக்கத்திலேயே பதுளையை வரைந்தார். பதுளு ஓயா, பஸ் நிலையம், பசறை வீதி, ரயில் வந்து அதற்கு மேல் போக முடியாமல் நிற்கிற ஸ்டேஷன். அதற்குப் பிறகு கதையில் யார் எங்கே நடந்தாலும் எனக்குத் தெரியும். சோப்பு வாங்கப் போனவர் பஸார் தெருவில் போனார். கடன்காரனைப் பார்த்து ஒதுங்கினவர் முத்தியங்கனை விகாரைச் சுவர் ஓரமாக ஒதுங்கினார்.

"அக்கா, அது பெரிய தலைநகரம்," என்பார் சார்.

"இருக்கட்டும். ஒருத்தன் தும்முனா அடுத்த தெருவுல தெரியுதுல்ல? அப்ப அது பதுளைதான்."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வேலை இல்லாத ஆண்கள் சாராயக்கடையில் அரசியல் பேசினார்கள். பாதிரியாருக்குப் பயந்தார்கள். மழை பெய்தது, உருளைக்கிழங்கு தின்றார்கள். போக முடிந்தவன் கப்பலில் போனான். போகாதவன் போனவனைத் திட்டினான். அவர்களையும் ஆண்டது, எங்களை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து இறக்கி, இன்றைக்கும் ஊரார் 'இந்தியாக்காரர்' என்று சொல்லும்படி விட்டுப்போன அதே வெள்ளைக்காரன்தான். இதற்கு விளக்கவுரை எழுதப் பேராசிரியர்கள் வேண்டுமாம். எங்கள் லயத்தில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது தொரை ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. பழைய பிள்ளைக்காம்பரா உரம் வைக்க வேண்டுமாம். நாட்டில் ஒரு மூட்டை உரம் இல்லாத நேரம். இல்லாத உரத்துக்கு இடம் கேட்டார்கள். சாரும் நானும் ஆபீஸுக்குப் போனோம். தொரை நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"நீங்க ரெண்டு பேரு ஒக்காந்து பேசறதுக்கு ஒரு ரூம் எதுக்கு? ஆளுங்க வந்தா விடறேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்."

சாருக்கு அந்த அறை போய்விடக் கூடாது. எனக்கும்தான். லயத்துக் காம்பராவில் நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் திரும்ப முடியாது. பிள்ளைகள் படிக்க ஒரு மேசை போட இடமில்லை. எங்கள் தோட்டத்தில் வேலைக்கும் தூக்கத்துக்கும் சாமிக்கும் இடம் இருந்தது. உட்கார்ந்து யோசிக்க இருந்தது அந்த ஓர் அறைதான். அதற்கு ஆட்களைக் கூட்டிவர வேண்டும். சார் ஒரு யோசனை சொன்னார். அந்தப் பெரிய கதை முழுவதும் ஒரே நாளில் நடக்கிறது, ஜூன் மாதத்தில். டப்ளினில் அந்த நாளைத் திருவிழா போலக் கொண்டாடுகிறார்கள், கதையில் வருகிற வழியெல்லாம் நடந்து போகிறார்கள். அதே நாளில் நாமும் ஒரு கூட்டம் வைப்போம், கதையில் வருகிற சாவு ஊர்வலத்தை வாசித்துச் சொல்வோம், வேலை முடிந்து கொழுந்தை எடை போட்ட பிறகு எல்லோரும் வருவார்கள் என்றார்.

"ஞாயித்துக்கிழம வைங்க சார்."

"அந்த நாள்தான் அக்கா. நாள மாத்தினா அதுல அர்த்தமில்ல."

அதோடு விட்டிருக்கலாம். சாவு ஊர்வலத்துக்கு மேளம் வேண்டும் என்றார். எங்கள் லயத்தில் தப்பு அடிக்கிற மாமா ஒருவர் இருந்தார். திருவிழாவுக்கும் அவர்தான், சாவுக்கும் அவர்தான். சார் கேட்டதும் மாமா தலையைச் சொறிந்தார்.

"பொணம் இல்லாம அந்த அடி அடிக்கிறதில்லீங்க சார்."

"ரூமுக்குள்ளதான் மாமா. மெதுவா, வெரலால."

"சார், வேணாம்," என்றேன் நான். "கோயில் அடி அடிக்கட்டும்."

"சாவுக்குக் கோயில் அடியா அக்கா?"

விடுதியில் வளர்ந்தவரோடு இதற்கு மேல் என்ன பேசுவது. அவருக்கு அது ஒரு தாளம். எங்களுக்கு அது தாளம் இல்லை. தோட்டத்தில் அந்த அடி கேட்டால் கேள்வி கிடையாது. அந்த டிவிஷனில் வேலை நின்றுவிடும். கூடையோடு மலையை விட்டு இறங்கிவிடுவார்கள். செத்தது யார் என்பதை இறங்கி வந்துதான் கேட்பார்கள்.

அன்றைக்குப் பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் வீட்டில் கூட்டத்துக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். மலையில் வேலை முடியுமுன்பே மாமா வந்துவிட்டாராம். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது என்று, கவ்வாத்து வெட்டின தேயிலை மிளாறுக் குச்சிகளைப் போட்டு நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சினார். காய்ந்ததா என்று பார்க்க ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே இருந்த சார், "இன்னுங் கொஞ்சம் சத்தமா மாமா, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றாராம். மாமாவுக்குக் கை ஓடிவிட்டது. ஆரம்பித்தால் பாதியில் நிறுத்துகிற அடி அல்ல அது.

வீட்டிலிருந்த நானே பயந்துவிட்டேன். கேத்தலைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். பனிக்குள் மலையிலிருந்து பெண்கள் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அழுகையும் கேட்டது. ஏனென்றால் கீழ் லயத்துக் காவக்காரத் தாத்தாவை நெஞ்சுச் சளி முற்றிப் பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பினார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோரும் ஏற்கனவே பேசி முடித்திருந்தார்கள். அவருடைய மகள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "என்னைப் பெத்த ஐயாவே" என்று ஒப்பாரியோடு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் படியில் இறங்கினாள்.

அதே படியில் கீழேயிருந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு தாத்தா ஏறி வந்துகொண்டிருந்தார். தப்புச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. விசாரிக்க வந்திருக்கிறார்.

"எவன்டா போனது?"

மகள் படியிலேயே நின்றுவிட்டாள். "அப்பா, நீங்கதான்னு..." என்றாள்.

"நானா? எங்கிட்ட யாரும் சொல்லலியே."

மகள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடி அழுதாள். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் எல்லோரும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார்கள். மாமா தப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். முன்னால் வந்தது, கொழுந்து பறிப்பதில் எங்கள் டிவிஷனிலேயே முந்தின கை. எல்லோரும் அவரைப் பெரியக்கா என்போம்.

"ஏன் சார், பொணம் வெளையாட்டா வெளையாடுறீங்க? படிச்சவருதான நீங்க?"

"பெரியக்கா, நான் வந்து..."

"எங்க பேரு போச்சு சார்."

பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அதற்குள் கண்டாக்கையா வந்துவிட்டார். மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர் அவர். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் இல்லாமல் நடந்து வந்ததால் கோபம் இரட்டிப்பாக இருந்தது.

"மலையில ஒருத்தர் இல்ல. யாரு செத்தது?"

"யாரும் சாகலீங்க ஐயா," என்றார் மாமா.

"அப்ப எல்லாருக்கும் அரைப் பேருதான். எழுதிடுவேன்."

திரும்பி மலைக்குப் போனால் முழுப் பேர் போடுவீர்களா என்று பெரியக்கா கேட்டார். போடமாட்டேன் என்றார். அப்போது பார்த்து மழை பிடித்தது. எங்கள் ஊவாப் பக்கத்து மழை சொல்லிவிட்டு வராது. கூடைகளை வாசலில் அடுக்கிவிட்டு அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். ஈரக் கொழுந்து வாசனை அறையை அடைத்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். தாத்தாவை முன்னால் ஒரு பெட்டிமேல் உட்கார வைத்தார்கள். கடைசியில் பெரியக்காதான் பேசினார்.

"அரைப் பேருக்குத்தான் வந்தாச்சு. என்னா கதை? சொல்லித் தொலைங்க."

சார் எழுந்து நின்றார். புத்தகத்தைத் திறந்தார், மூடினார். திறக்காமலே சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் நன்றாக இருந்தது. நாலு பேர் ஒரு குதிரை வண்டியில் ஏறி, கூட்டாளி ஒருவனை அடக்கம் செய்யப் போகிறார்கள். வண்டி முழு டப்ளினையும் தாண்டிப் போகிறது. செத்தவனைப் பற்றிப் பேசாமல் மற்ற எல்லாவற்றையும் பேசுகிறார்கள்.

"அதானே நடக்கும்," என்றார் யாரோ. "எங்க மாமியா சாவுல கோழிக்கறியப் பத்திப் பேசுனாங்க."

"சவம் எங்க இருக்கு?" என்று தாத்தா கேட்டார்.

"முன்னால வேற வண்டியில போகுது தாத்தா."

"தூக்க ஆளு?"

"தூக்க வேண்டியதில்ல. குதிரை இழுக்குது."

"குடுத்து வச்சவன்," என்றார் தாத்தா. "நம்மளப் பொதைக்கிற மையக்கொல்லைக்கு ஏத்தம் இருக்கு பாரு. என்னையத் தூக்கறவன் திட்டிக்கிட்டேதான் தூக்குவான்."

"ஒங்களயா? காத்தடிச்சாப் போதும்," என்றார் மாமா. அறைக்குள் வந்ததிலிருந்து பயத்தில் ஒதுங்கியிருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

வண்டியில் இருக்கிற நாலு பேரில் ஒருவரோடு மற்றவர்கள் முழுசாகச் சேரமாட்டார்கள் என்று சார் சொன்னார். கூடவே வைத்துக்கொண்டு அவருடைய ஜனத்தைக் கேலி பேசுவார்கள்.

"அவரு எந்த ஊரு?" பெரியக்கா கேட்டார்.

"அதே ஊருதான். அங்கதான் பொறந்தாரு."

"அப்பறம் என்னவாம்?"

"அவங்க அப்பா வேற நாட்டுல இருந்து வந்தவரு."

பெரியக்கா கொஞ்சம் யோசித்தார். "ஓ. அப்ப அவரும் இந்தியாக்காரரு."

அறையே சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. சார் மேலே சொன்னார். அந்த மனிதர் இடுகாட்டில் நின்று என்ன யோசித்தார், மகனைச் சின்னதிலேயே பறிகொடுத்தது எப்படி மனதில் வந்தது, எல்லாம் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்த அறையில் பலர் இருந்தார்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். மழை விட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த எழுத்தாளர் எங்கேயோ அன்னிய ஊரில் கண் தெரியாமல் தடவித் தடவி எழுதினது, கொழுந்துக் கூடை வைத்த வாசலுக்கு வந்து சேர்ந்தது. இதைவிடப் பெரிய கொண்டாட்டம் டப்ளினில் அன்று நடந்திருந்தால் எனக்கு யாராவது சொல்லட்டும்.

அடுத்த நாள் ஆபீஸில் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். தலைவரும் அங்கே இருந்தார்.

"ஆளு வரணும்னு சொன்னேன். வேல நேரத்துல எறக்கச் சொன்னேனா?" தொரை கேட்டார். "சாவிய வச்சிட்டுப் போங்க."

"நேத்து அந்த ரூம் நெறஞ்சிருந்துச்சு," என்றேன். "நிக்க எடமில்ல. நீங்க கேட்டது அதுதான?"

"நீ பேசாத," என்றார். சாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சார் சாவியை மேசைமேல் வைத்தார். வெளியே வந்ததும் தலைவரைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

"ஜனங்க வந்து கேட்டாங்கன்னா நான் பேசலாம் தங்கச்சி. ஒருத்தரு வரலியே. எல்லாரும் அரைப் பேரு போன கோவத்துல இருக்காங்க. நான் யாருக்காகப் பேசறது?"

அவருக்கு வசதியான பதில்தான். ஆனால் பொய் என்று சொல்ல முடியாது. மாசக் கடைசி வரைக்கும் நாள் இருந்தது. ஒருவரும் போய்க் கேட்கவில்லை. நான் லயம் லயமாகப் போனேன். கதையைப் பற்றிப் பேசினார்கள். அந்த இந்தியாக்காரர் பொண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று விசாரித்தார்கள். ஆபீஸுக்கு வாங்க என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியக்கா கதவையே சாத்தினார். கோபப்பட அவர்களுக்கு நியாயம் இருந்தது. வீட்டில் அரிசி இல்லாத நேரத்தில் போன அரைப் பேர் அது.

புதுப் பூட்டுப் போட்டார்கள். உரம் வரவேயில்லை. வெறும் அறை பூட்டிக் கிடந்தது. வெகு நாள் கழித்து எங்கேயோ இருந்து மூட்டைகள் வந்து இறங்கின. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்ததாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. சாருக்கு மொனராகலைப் பக்கம் மாற்றம் வந்தது. இப்போதும் போன் பேசுவோம். அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டார். எனக்குக் கடைசிப் பகுதியைப் போனிலேயே சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போனில் கேட்டால் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

நான் மறுபடி பதுளைக்கு வந்து அதே கடையில் நிற்கிறேன். மத்தியானம் பசறை வீதியில் நடக்கும்போது டப்ளின் கண்ணில் தெரிகிறது. நேரில் பார்த்தால் இவ்வளவு தெரியாது என்று நினைக்கிறேன்.

போன மாதம் பெரியக்கா கடைக்கு வந்தார். மகளுக்கு வேலை விஷயமாக அடையாள அட்டை கொப்பி எடுக்க வேண்டுமாம். ஆளே இளைத்துப் போயிருந்தார். கொப்பியைக் கையில் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"அந்த ரூமக் கேட்டு நாங்க போயிருக்கணும் புள்ள."

நான் மெஷினை மூடினேன்.

"எனக்குத் தெரியும், நான் போனா மத்தவளுங்க வருவாளுங்கன்னு. சார் மேல இருந்த கோவம். அரப்பேரு போச்சேன்னு இருந்துட்டேன். இப்பப் பேத்திய ஒக்கார வச்சுப் படிக்க வைக்க எடமில்ல. அந்த வழியாத்தான் தெனமும் மலைக்குப் போறோம். ஒர நாத்தம் அடிக்கிது."

பரவாயில்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

"ஆமா," என்றேன். "போயிருக்கணும்."

"தொரை மாறிட்டாரு. புதுசா வந்தவருக்கு ஒண்ணும் தெரியாது. இப்பப் போய்க் கேட்டா?"

"குடுக்க மாட்டாங்க."

"அது எனக்கும் தெரியும்," என்றார் பெரியக்கா. "நீ எப்ப லீவுன்னு கேக்குறேன்."